சொந்தப் பாவம்

ஜனவரி 11

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான், உன் அத்தான், உன் மகள் மூவரும் சுகம். உன் சுகத்தையும், முதுகுவலி எப்படி இருக்கிறது என்பதையும் எழுது. நர்ஸ் உத்தியோகம் நின்றுகொண்டே பார்ப்பது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நடுவில் கொஞ்சம் உட்கார்.

உன் மகள் பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கப்போகிறாள், புதுநன்மைக்கு நாள் குறித்தாகிவிட்டது. மே மூன்று, ஞாயிற்றுக்கிழமை. இப்போதே லீவுக்கு எழுதிப் போடு. அதற்கு முன் மார்ச் பதினான்காம் தேதி பங்குச் சாமியார் பிள்ளைகளின் முதல் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பார். அதற்குப் பழக்குகிற வேலை பத்தொன்பது வருடமாக யார் தலையில் விழுகிறதோ அவள் தலையில்தான் இந்த வருடமும். வாரத்தில் ஐந்து நாள் ஆபீசில் டைப் அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுக்காவிட்டால் எனக்கும் பொழுது போவதில்லை.

இந்த முறை பதினொரு பேர். கோயிலுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருக்கும் அறைதான் வகுப்பு. நான் கரும்பலகைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் முழங்காலில் நின்று, என்னைச் சாமியாராக நினைத்துக்கொண்டு பாவத்தைச் சொல்லிப் பழக வேண்டும். உதாரணத்துக்கு மூன்று பாவங்களைப் போர்டில் எழுதிப் போட்டிருந்தேன். பொய் சொன்னேன், பெரியவர்கள் பேச்சைக் கேட்கவில்லை, தம்பியைக் கிள்ளினேன். பதினொரு பேரும் வரிசை மாறாமல் அதே மூன்றையும் ஒப்பித்துவிட்டு எழுந்து போனார்கள். பேக்கரிக்காரர் மகனுக்குத் தம்பியே கிடையாது. "யார் தம்பியைடா கிள்ளினே?" என்று கேட்டேன். "போர்டுல இருந்துச்சு டீச்சர்" என்கிறான்.

ஒத்திகைக்குப் போர்டுப் பாவம் போதும் என்பது சாமியார் சொல்லிவைத்திருக்கும் முறை. எனக்கு அது ஒப்பவில்லை. அடுத்த ஞாயிறு போர்டைச் சுத்தமாக அழித்துவிட்டு, அவரவர் சொந்தப் பாவத்தைச் சொல்லச் சொல்லப்போகிறேன். சாமியார் கேட்டதை யாரிடமும் சொல்லமாட்டார், அதேபோல நானும் சொல்லமாட்டேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உன் மகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் 'ரேடியோ' என்று பெயர் வைத்திருக்கிறார். காலையில் கண் விழித்தால் ராத்திரி கண் மூடும்வரை ஒலிபரப்புதான். தனியாக உனக்கு எழுதியிருக்கிறாள், இத்துடன் இருக்கிறது.

உன் அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

உன் கடிதமும் ரேடியோவின் நான்கு பக்க ஒலிபரப்பும் வந்து சேர்ந்தன. நான் நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி நலம் விசாரித்ததற்கு அதன் சார்பில் நன்றி. அத்தானைக் கேட்டதாகச் சொல். டிப்போவில் பஸ்களோடு பேசுகிற அளவுக்காவது வீட்டில் பேசுகிறாரா?

லீவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி அங்கே இருப்பேன். இன்னொரு செய்தி. ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் எனக்கு இரண்டு அறை வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. புதுநன்மை முடிந்ததும் அவளை என்னோடு அழைத்துவந்துவிடலாம் என்று நினைக்கிறேன். அவள் அப்பா போனபோது அவளுக்கு இரண்டு வயது, நான் இங்கே வந்தபோது நாலு. இப்போது ஒன்பது ஆகிவிட்டது. ஐந்து வருடம் நீ பார்த்துக்கொண்டதற்கு நான் என்ன சொன்னாலும் அது வாய்வார்த்தையாகத்தான் இருக்கும். அவளிடம் மெல்லச் சொல்லிவை.

சரி, சொந்தப் பாவம் என்ன ஆனது? எங்கள் ரேடியோ என்ன பாவம் செய்திருக்கிறாள்? எனக்கு மட்டும் எழுது. டூட்டியில் சிரிப்பதற்கு ஏதாவது வேண்டும்.

உன் தங்கை


பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டேன். நாங்கள் எல்லாரும் சுகம்.

ரேடியோவின் பாவத்தை என்னிடம் கேட்காதே. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது கேட்டவரோடு போக வேண்டும். ஒத்திகையாக இருந்தாலும் அதுதான் முறை. பெற்ற தாயாகவே இருந்தாலும் சொல்ல முடியாது. இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற நானே மீறினால் நன்றாகவா இருக்கும்?

அழைத்துப்போவதைப் பற்றி அவளிடம் நான் பேச்செடுக்கவில்லை. ஆனால் உன் கடிதத்தை மேஜைமேல் வைத்திருந்தேன், படித்துவிட்டாள். நீ முதலில் வா. பிறகு பேசிக்கொள்ளலாம்.

உன் அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் மூவரின் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கத்துக்காக இல்லை.

பதினைந்து நாளைக்கு ஒரு கடிதம் எழுதுகிற பெண் அவள். கடைசியாக வந்தது பிப்ரவரி பதினைந்தாம் தேதி எழுதியது. அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. உன் கடிதமும் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அவளுக்கு உடம்புக்கு ஏதாவதா? இங்கே நான் பார்ப்பது குழந்தைகள் வார்டு. ஒவ்வொரு கட்டிலிலும் அவள் வயதில் ஒருத்தி படுத்திருக்கிறாள். மனசு எங்கெங்கோ போகிறது. உடனே எழுது.

உன் தங்கை


மார்ச் 28

அன்புத் தங்கைக்கு,

இங்கே பயப்பட ஒன்றுமில்லை. அவளுக்கு லேசாகத் தொண்டை கட்டியிருந்தது. பரீட்சையும் வந்துவிட்டது. அதனால்தான் எழுதவில்லை.

ஒரு விஷயம். இந்த வருடம் அவளுக்குப் புதுநன்மை வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. இன்னும் கொஞ்சம் விவரம் தெரியட்டும் என்றுதான். அப்படியானால் நீ இப்போது அவசரப்பட்டு லீவை எடுத்து வீணாக்க வேண்டாம். அடுத்த வருடம் சேர்த்து எடுத்துக்கொண்டால் அதிக நாள் இருக்கலாம் அல்லவா? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதை எல்லாம் அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்வோம்.

ஒன்பது வயதில் விவரம் தெரியாத பிள்ளையா அவள்? போன லீவில் எனக்கே பத்துக் கட்டளைகளை ஒப்பித்து, நான் இரண்டைத் தப்பாகச் சொன்னதற்கு மார்க் குறைத்தவள் அவள். நேற்று அத்தானிடமிருந்து எனக்குக் கார்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்கு எழுதிய முதல் கடிதம். "பாப்பா பேசுவதில்லை. நீ வா" என்று இரண்டே வாக்கியம்.

லீவை ஜூனுக்கு மாற்றிவிட்டார்கள். உன் மார்ச் மாதக் கடிதத்தை நம்பி நானே ஏப்ரல் லீவை விட்டுக்கொடுத்தேன். என்ன நடந்தது என்று மறைக்காமல் எழுது அக்கா.

உன் தங்கை


ஏப்ரல் 14

தங்கைக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது தடவையும் கிழித்தால் பிறகு எழுதவேமாட்டேன் என்பதால் இப்படியே அனுப்புகிறேன்.

தொண்டை கட்டியது பொய். பரீட்சை பொய். அடுத்த வருடம் என்பது என் யோசனை, சாமியாருடையது இல்லை.

ஜனவரி பதினெட்டாம் தேதி போர்டை அழித்துவிட்டுப் பிள்ளைகளைச் சொந்தப் பாவம் சொல்லச் சொன்னேன். ஏழாவதாக உன் மகள் வந்தாள். பலகைக்குப் பின்னால் எனக்கு அவள் மூச்சு கேட்டது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா வரக்கூடாதுன்னு தினமும் வேண்டிக்கிறேன் சாமி. அம்மா வந்தா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. பெரியம்மா அழுவாங்க."

நீ அழைத்துப்போகப்போகிறாய் என்று எனக்கே அப்போது தெரியாது. அவளாக நினைத்துப் பயந்திருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். "சரி, பாவத்துக்கு வருந்தி மனஸ்தாப செபம் சொல்லு" என்றேன். சொன்னாள். போய்விட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மீதி நாலு பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்றே என் காதில் விழவில்லை.

அடுத்த ஞாயிறு பாட்டுக்குழுவின் ஆர்மோனியம் டீச்சர் வழக்கமான பேச்சை எடுத்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். "என்னதான் வளத்தாலும் சொந்தப் பிள்ளை மாதிரி வருமா?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். ஐந்து வருடமாக நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மூடவில்லை. பிள்ளை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல இனித்தது. அதுதான் எனக்கு இப்போது சகிக்கவில்லை. வாய் தவறி வந்ததென்றால்கூட மன்னிப்பு உண்டு. நான் ஆசைப்பட்டுச் சொன்னேன்.

அதற்குப் பிறகு உனக்கு ஒரு கடிதம் எழுதினேனே, பெற்ற தாயிடம்கூடச் சொல்லக்கூடாது என்று. அதை ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி பாட்டுப் பழக்கத்தில், எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது, ஆர்மோனியம் டீச்சர் இவள் கன்னத்தைக் கிள்ளி, "அம்மா வரவேணாம்னு கடவுளுக்கே மனு போட்டவ இவதான்" என்று சொல்லியிருக்கிறாள். விளையாட்டாகத்தான் சொன்னாளாம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள். "பெரியம்மா, போர்டுக்குப் பின்னாடி நீங்க மட்டும்தானே இருந்தீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவங்க ஏதோ சும்மா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க, எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மார்ச் பதினான்காம் தேதி பத்துப் பிள்ளைகள் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். இவள் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, பயப்படாதே, சாமியார் யாரிடமும் சொல்லமாட்டார் என்றேன். "அதைச் சொன்னது யாரு? நீங்கதானே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பாளே, அந்தக் குரலில் கேட்டாள்.

அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில். ரேடியோ நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். உனக்கு ஏன் எழுதவில்லை என்றால், நீ எப்படியும் தெரிந்துகொண்டிருப்பாய் என்று நினைக்கிறாள். உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவளுக்குப் பயம். அந்தப் பயம் எனக்கல்லவா இருக்க வேண்டும்?

வெட்கமாக இருக்கிறது. ஆபீசில் டைப் அடிக்கும்போது திடீரென்று ஞாபகம் வந்து முகம் எரிகிறது. உன் பதிலை எதிர்பார்க்கிற தகுதி இல்லை, ஆனாலும் எதிர்பார்க்கிறேன்.

அக்கா


மே 3

தங்கைக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். மூன்று வாரமாகத் தபால்காரர் எங்கள் வாசலை நின்று பார்க்காமலே போகிறார். உன்மேல் எனக்குக் குறை இல்லை.

இன்றைக்குப் பத்துப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாகப் போய் நன்மை வாங்கினார்கள். பேக்கரிக்காரர் மகன் ஷூ கடிக்கிறதென்று நொண்டிக்கொண்டே போனான். உன் மகள் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கும் உன் அத்தானுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். உன் அத்தான் பூசை முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் பக்கம் இருந்த கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. வகுப்பறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆர்மோனியம் டீச்சரிடம் போய், அந்தப் பேச்சை இனி வாயில் எடுக்கக்கூடாது, எடுத்தால் தப்பு என் வாயில் ஆரம்பித்தது என்பதையும் சேர்த்துச் சொல் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் மகளிடமும், "நான்தான் சொன்னேன்" என்றேன். "தெரியும்" என்றாள்.

இதையெல்லாம் உன்னிடம் நல்ல பெயர் வாங்க எழுதவில்லை. நேற்று அவளாக வந்து ஒன்று கேட்டாள். இரண்டு மாதத்தில் அவளாக வந்து பேசியது அது ஒன்றுதான். "நான் வேண்டிக்கிட்டதாலதான் அம்மா லெட்டர் போடலையா? இனிமே வரவே மாட்டாங்களா?" என்று கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை. என் பேச்சை அவள் எதை வைத்து நம்புவாள்? எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எழுது. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா


மே 4

அக்காவுக்கு,

உன் ஏப்ரல் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதல் நாலு நாள் உனக்கு என்னென்னவோ எழுதினேன். அதை எல்லாம் நீ படிக்க வேண்டாம் என்று கிழித்துவிட்டேன். கிழிப்பது நம் குடும்ப வழக்கம்போல.

ஆர்மோனியக்காரியிடம் நீ சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். வயிறு எரிந்துபோய்ச் சொல்லியிருக்கிறாய். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை, பெரியம்மா அழக்கூடாதென்று வேண்டிக்கொண்டதைப் பாவம் என்று நினைத்து உன் முன்னால் முழங்காலில் நின்றாள். அது பாவமில்லை கண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? மனஸ்தாப செபம் சொல்லவைத்தாயே. பத்தொன்பது வருடமாக நீ பாடம் எடுக்கிறாய், எது பாவம் என்று உனக்குத் தெரியாதா?

எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் வரக்கூடாதென்று என் பிள்ளை வேண்டிக்கொள்கிற அளவுக்கு நான் தூரத்தில் இருந்திருக்கிறேன். அதற்கு உன்னைக் குற்றம் சொல்ல முடியாது.

ஜூன் இரண்டாம் தேதி புறப்படுகிறேன். இத்துடன் ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. அது அவளுக்கு. நீ பிரிக்காதே.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. லீவை அடுத்த வருடம் எடு என்று எழுதினாயே. நான் வரக்கூடாதென்று நீயும் வேண்டிக்கொண்டாயா? பதிலைக் கடிதத்திலேயே எழுதிவிடு. நேரில் வேண்டாம். நேரில் உன் முகத்தைப் பார்த்தால், நீ என்ன சொன்னாலும் நான் பரவாயில்லை என்று சொல்லிவிடுவேன்.

தங்கை


மே 15

தங்கைக்கு,

அனைவரும் சுகம். உறையை அவள் கையில் கொடுத்தேன். உடனே பிரிக்கவில்லை. நாலு ஓரத்தையும் விரலால் தடவி, ஒட்டியபடியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மொட்டைமாடிக்குப் போய்ப் பிரித்தாள். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று தெரிந்தேதான் பார்த்தாள். இறங்கி வந்தபோது அழுத முகமாக இருந்தாலும், உன் அத்தானிடம் தானாகவே பேசினாள்.

நீ கேட்டதற்குப் பதில். வேண்டிக்கொண்டேன். உன் குவார்ட்டர்ஸ் கடிதம் வந்த நாளிலிருந்து, தினமும். அவள் வேண்டிக்கொண்டது எனக்காக. நான் வேண்டிக்கொண்டதும் எனக்காகத்தான்.

அவள் துணிமணிகளைத் துவைத்து எடுத்துவைத்துவிட்டேன். பள்ளிச் சான்றிதழுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ வந்து அழைத்துப்போ.

அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும்,

நானும் அம்மாவும் இங்கே நலமாக இருக்கிறோம். நீங்கள் இருவரும் நலமா? பெரியப்பாவின் இருமல் நின்றுவிட்டதா? அம்மா இந்தக் கடிதத்தைப் படிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் எழுத்துப் பிழை இருக்கும்.

எனக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது. என் பக்கத்தில் உட்காரும் பெண் என்னைவிட அதிகமாகப் பேசுகிறாள். அம்மா இரவு டூட்டி போகும்போது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி என்னோடு படுத்துக்கொள்வார்கள். அவர்கள் குறட்டை விடுவார்கள். நீங்கள் அழுதீர்களா என்று அம்மாவிடம் கேட்டேன். உங்களிடமே கேட்கச் சொன்னார்கள். அழுதிருந்தால் பரவாயில்லை. நானும் பஸ்ஸில் அழுதேன்.

இங்கே உள்ள கோயிலில் ஜூலை பதினெட்டாம் தேதி சனிக்கிழமை நான் முதல் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மறுநாள் புதுநன்மை வாங்கினேன். அம்மா தைத்துக் கொடுத்த உடுப்பைப் போட்டுக்கொண்டேன். ஃபோட்டோ வந்ததும் அனுப்புகிறேன். செபம் எல்லாம் தப்பில்லாமல் சொல்கிறாயே, யார் கற்றுக்கொடுத்தது என்று சாமியார் கேட்டார். என் பெரியம்மா என்று சொன்னேன்.

அவரிடம் ஒரு சொந்தப் பாவம் சொன்னேன். போர்டுப் பாவம் இல்லை. அது என்ன என்று உங்களுக்கு எழுதமாட்டேன். சாமியாரும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நான் எண்ணிக்கொண்டு வருகிறேன். இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. இன்னும் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகள்